நம்பிக்கை இல்லாமல் திவசம் செய்யலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் எழுதிவிடுகிறேன். அப்பா லண்டனில் காலமானார். அஸ்தியைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து கடலில் கரைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கன்னியாவில் முடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். இப்போது அத்தை தொலைபேசியில், வருடா வருடம் திவசம் செய்யாவிட்டால் அப்பாவின் ஆத்துமா அலையும் என்கிறார். உங்களுக்கோ இறந்த பிறகு ஏதாவது இருக்கிறதா என்பதிலேயே நிச்சயம் இல்லை. நம்பாமல் செய்வது பொய்யா, செய்யாமல் விடுவது துரோகமா, சின்ன வயதில் கோயிலும் தேவாரமுமாக வளர்ந்த நான் ஆன்மீகத்தில் பின்னுக்குப் போய்விட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைவசமயம் படிப்பித்தவர் என்பதால் என்னிடம் வந்திருக்கிறீர்கள். சரி. ஆனால் 'மும்மலங்கள் எவை' என்ற கேள்விக்கு மூன்று புள்ளி போட்டுப் பழகிய கை இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஆணவம், கன்மம், மாயை என்று எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுத்திருக்கிறேன். அந்த மூன்றில் முதலாவது எனக்குள் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

கன்னியாவிலிருந்தே தொடங்குகிறேன், நீங்களும் அங்கே நின்றிருக்கிறீர்கள். ஏழு வெந்நீர்க் கிணறு. கிணறு என்று பேர்தான், சதுரமாகக் கட்டிய சின்னத் தொட்டிகள், குனிந்தால் வாளி தண்ணீரைத் தொடும். ஒன்றின் சூடு இதமாக இருக்கும், அடுத்ததில் முதல் வாளிக்கு உடம்பு கூசும். துடக்குக் கழிக்க வந்தவர்கள் ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளி வார்த்துக்கொண்டு போவார்கள். பக்கத்தில் சுற்றுலா வந்த பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடும். மொட்டை அடித்த தலையோடு ஒருவர் அழுதுகொண்டே குளிப்பார், தண்ணீரோடு தண்ணீராய் அது யாருக்கும் தெரியாது. இடம் யாருடையது என்ற பிணக்கு அங்கே உண்டு. அதை இந்தப் பதிலுக்குள் இழுக்கவில்லை.

அந்த ஊற்றுகளின் கதையை உங்களுக்குச் சின்னதில் சொல்லியிருப்பார்கள். இராவணனின் தாய் திருகோணமலைக் கோணேசரைக் கும்பிட முடியாமல் நோயில் கிடந்தாள். அவளுக்காகக் கோயில் இருந்த மலையையே பெயர்த்துக் கொண்டுபோக அவன் வாளால் வெட்டினான். அந்த வெட்டைத்தான் சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்று காட்டுகிறோம். மகன் அழிந்தான் என்று தவறாகக் கேள்விப்பட்ட தாய் உயிரை விட்டாள். தாயின் கிரியைக்குத் தண்ணீர் வேண்டி ஏழு இடத்தில் வாளை ஊன்றினான், ஊற்றுப் பிறந்தது என்பார்கள். திருமால் கிழ அந்தணராக வந்து தடியால் ஊன்றினார் என்றும் கதை உண்டு. நடந்ததா என்று கேட்காதீர்கள். கதை எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். மலையைத் தூக்க வந்தவனைக் கடைசியில் ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் இறைக்க இருத்திவிடுகிறது. பத்துத் தலையும் குனிந்துதான் அள்ள வேண்டும்.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இதே கோணேசரின் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்திலும் இராவணன் வருகிறான். அவருடைய பதிகங்களில் எட்டாம் பாட்டு வழமையாக இராவணனுக்கு உரியது. கயிலை மலையை எடுத்தவனின் தருக்கை விரலால் அடக்கியவர், அவன் ஏத்திப் பாடியதும் அவனுக்கே பேறு கொடுத்தார் என்று அங்கே பாடுகிறார். அதே பாட்டில் பிறப்பும் இறப்பும் அறியாதவர் என்றும் இறைவனைச் சொல்கிறார். பிறப்பும் இறப்பும் நமக்குத்தான். அதனால் கேள்வியும் நமக்குத்தான்.

இனி இறந்த பிறகு என்ன என்ற கேள்வி. சைவ சித்தாந்தம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிர் கடவுள் படைத்த பொருள் அல்ல. அது என்றும் உள்ளது, ஆணவம் என்ற இருளும் அதோடு என்றும் உள்ளது. பருவுடம்பு விழுந்தால் உயிர் சூக்கும உடம்போடு போகும். செய்த வினைக்கு ஏற்ற இன்பதுன்பத்தை அனுபவித்து, மிச்ச வினைக்கு ஏற்ற இன்னோர் உடம்பை எடுக்கும். களஞ்சியத்தில் கிடக்கிற நெல் சஞ்சிதம், இன்றைக்கு உலையில் கொதிப்பது பிராரத்தம், இப்போது விதைத்துக்கொண்டிருப்பது ஆகாமியம். பள்ளிக்கூடத்தில் நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளைகளுக்குச் சோறு என்றால் உடனே விளங்கும்.

ஆனால் பாடத்தில் நான் ஓட்டமாகக் கடந்துபோன ஓர் இடம் இருக்கிறது. மறுபிறவி நமக்குத் தண்டனை அல்ல. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் மாயையை, அதாவது இந்த உடம்பையும் உலகத்தையும், விடியும் வரைக்குமான விளக்கு என்கிறார். மாயை என்றால் மயக்கம், விலக்க வேண்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இவர் அதை விளக்கு என்கிறார். யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்தோம். மேசையில் ஒரு புத்தகம் அளவுக்குத்தான் அதன் வெளிச்சம். புகையும் வரும், காலையில் மூக்குக்குள் கரி. ஆனால் அது இல்லாவிட்டால் எழும்பிக் கதவுக்குக்கூடப் போக முடியாது. உடம்பு அப்படி. ஒரு விளக்கு அணைந்தால் இன்னொன்று ஏற்றித் தரப்படுகிறது. இப்படிப் பார்த்தால், அத்தை சொல்கிற அலைகிற ஆத்துமாவுக்கு இதற்குள் பெரிய இடம் இல்லை. உயிர் எதையாவது சார்ந்தே நிற்கும் என்பது சித்தாந்தம். மகன் லண்டனில் லீவு எடுக்கவில்லை என்பதற்காக ஓர் உயிரைத் தெருவில் நிறுத்திவைக்கிற கடவுளைச் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் சொல்லவில்லை.

அப்படியென்றால் திவசம் எதற்கு? பழைய விடை ஒன்று உண்டு. நாம் கொடுக்கிற எள்ளும் நீரும் சோறும், அந்த உயிர் எங்கே என்ன உடம்பில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற உணவாகப் பிதிர் தேவதைகளால் போய்ச் சேரும். அவர் மானாகப் பிறந்திருந்தால் புல்லாக. திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களைக் காணும்போது இது எனக்குச் சிலவேளை நினைவுக்கு வரும். சிரிப்பாகவும் இருக்கும், சிரிக்க முடியாமலும் இருக்கும். இந்த விடையை நான் நம்புகிறேனா? சில நாட்களில் ஆம். இதற்கு மேல் நேர்மையாகச் சொல்ல என்னால் முடியாது.

அத்தையைக் கோபிக்க வேண்டாம். கருடபுராணத்தை வாசித்துப் பயந்த ஒரு தலைமுறை அது. துக்கத்தைப் பயமாகத்தான் அவர்களுக்குச் சொல்லத் தெரியும். தம்பி போய்விட்டானே என்று அழுகிற இடத்தில், அவன் அலைவான் என்று சொல்கிறார். எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். செத்த வீட்டில் ஈரம் காய முதல், 'எப்பவோ முடிந்த காரியம்' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பவர்களில். அது 1964 இல் சமாதியடைந்த யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் மகாவாக்கியம். தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல்லை அடுத்தவன் பிள்ளையின் பிணத்துக்கு மேல் போடக்கூடாது. அவருடைய நான்கு வாக்கியங்களில் இன்னொன்று 'நாம் அறியோம்'. மறுமையைப் பற்றி எனக்குக் கைகொடுத்தது அதுதான். அறியோம் என்பதை ஒரு சந்நியாசி மகாவாக்கியமாக வைத்துவிட்டுப் போன பண்பாட்டில், நிச்சயம் இல்லை என்பதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்பாவின் செத்த வீட்டில் சுண்ணம் இடித்தார்களா? லண்டனிலும் செய்கிறார்கள் என்று கேள்வி. உரலில் இடிக்கும்போது பாடுகிற, திருவாசகத்தில் வருகிற திருப்பொற்சுண்ணம் ஒப்பாரி அல்ல. இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிப்போம் வாருங்கள் என்று பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பாடுகிற கொண்டாட்டப் பாட்டு. அதை எடுத்து நம்முடைய ஆட்கள் பிணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இந்த உடம்பைக் குளிப்பாட்டுவதும் அந்தத் திருமஞ்சனமும் ஒன்று என்று யாரோ ஒருவர் ஒருநாள் நினைத்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்க, பாட்டில் மகிழ்ச்சியும் குரலில் அழுகையுமாக உலக்கை விழும். நம்பிக்கை என்றால் என்ன என்று யாரும் கேட்டால் எனக்கு அந்தச் சத்தம்தான் காதில் கேட்கும்.

என் பிழை ஒன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். செத்த வீடுகளில் திருமுறை படிக்க என்னைக் கூப்பிடுவார்கள், எனக்கு அதில் ஒரு பெருமை. ஒரு வீட்டில் வயதான ஒருவர் சிவபுராணம் படித்துக்கொண்டிருந்தார், செத்தவரின் கூட்டாளி. புல்லும் பூடும் புழுவும் மரமுமாய்ப் பிறந்து இளைத்ததைச் சொல்கிற வரியில் 'பூடாய்' என்பதற்குப் 'பூடாகி' என்றார். நான் சத்தமாகத் திருத்தினேன். அவர் நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார், கண்ணாடி இல்லை. அதற்குப் பிறகு அவர் படிக்கவில்லை, மிச்சத்தை நானே பிழையில்லாமல் படித்து முடித்தேன். எத்தனை பிறவி எடுத்து இளைத்தேன் என்று கெஞ்சுகிற பாட்டில் போய் நான் புள்ளி வெட்டியிருக்கிறேன். அன்று என்னைக் கண்டித்தவர் ஒருவரும் இல்லை. அந்த மனுசன் அடுத்த கிழமை சந்தையில் என்னைக் கண்டு 'சேர், நல்லாப் படிச்சீங்கள்' என்றார். அதுதான் சுட்டது.

நீங்கள் கேட்ட வளர்ச்சி, பின்னேற்றம் எல்லாம் இந்த அளவில்தான் எனக்குத் தெரியும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற சைவத்தின் நான்கு நெறிகளையும் வகுப்பு ஏறுவது போல நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வெருகல் வழியாகக் கதிர்காமத்துக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்குச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். நடப்பது பெரிய காரியம்தான், கால் கொப்பளம் பொய் சொல்லாது. ஆனால் கணக்கு வைக்கத் தொடங்கினால் நடந்தது யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

நான் கண்ணால் கண்ட வளர்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவினுடையது.

என் தம்பி 1990 இல் ஒருநாள் காலையில் சைக்கிளில் போனவன். வரவில்லை. பத்தொன்பது வயது. தேடக்கூடிய இடமெல்லாம் தேடினோம். சில வருடங்களின் பின் சொந்தக்காரர்கள் மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார்கள், உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருச் செய்து எரித்துக் கிரியை செய்யலாம், விதி இருக்கிறது என்று. உண்மைதான், விதி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடல் வந்துபோன பிறகு உடல் கிடைக்காத சில வீடுகளில் அப்படிச் செய்ததை நானே கண்டேன். அம்மா சம்மதிக்கவில்லை. செத்தது தெரிந்தால்தான் கிரியை என்றா. நான் படித்தவன் அல்லவா, சூக்கும உடம்பு, பிதிர் கடன் என்று ஏதோ சொன்னேன். 'உனக்குப் புத்தகத்தில இருக்கு, எனக்கு வயித்தில இருக்கு' என்றா. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்கவில்லை என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று வந்தபோதும், 'அவன் இல்லாதது எனக்குத் தெரியும், கடுதாசி எதுக்கு' என்றுவிட்டா.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைப்போம். தம்பியின் சாப்பாட்டை அம்மா படையலில் வைக்க மாட்டா, அது போனவர்களுக்கு. அவனுடைய எனாமல் கோப்பையில் போட்டுக் குசினி மேசையில் மூடி வைப்பா, பிந்தி வருகிற பிள்ளைக்கு எடுத்துவைப்பது போல. ஆடி அமாவாசை என்றால் காத்தோட்டிக்காய் கட்டாயம். அதன் கசப்பு தம்பிக்கு ஆகாது, சின்னதில் துப்பிவிடுவான். அதனால் அந்தக் கோப்பையில் மட்டும் அது இருக்காது. பின்னேரம் வரை கோப்பை மூடியபடி இருக்கும். பிறகு யாரும் தொடக்கூடாது, அம்மாவே கொண்டுபோய்க் கிணற்றடியில் காகத்துக்கும் நாய்க்கும் கொட்டுவா. கழுவும்போது அழுவா.

எந்த வருடம் மாறியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வேலி அடைக்க வருகிற ஒரு முதியவர் இருந்தார், வீடு வாசல் இல்லாதவர். ஓர் அமாவாசையில் மத்தியானம் வந்து வாசலில் இருந்தார். அம்மா உள்ளே போய் அந்தக் கோப்பையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் அவர் வந்தார். அதற்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், அம்மா கோப்பையில் சோறு போட்டுக் கறிகள் வைத்து, கடைசியில் பொரித்த காத்தோட்டிக்காயை அள்ளி ஓரத்தில் வைத்தா.

'தம்பிக்குப் பிடிக்காதே அம்மா' என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

'இவருக்குப் பிடிக்கும்' என்றா.

விருப்பும் வெறுப்பும் சமமாகிற நிலையை இருவினையொப்பு என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன். அம்மாவிடம் அந்தச் சொல் இல்லை. அவ தம்பியை விட்டுவிடவும் இல்லை. கோப்பை அவனுடையதுதான், மூடி வைக்கிற இடமும் அதே இடம். நம்பிக்கையா நம்பிக்கையின்மையா என்றால் எனக்கு எந்தப் பெட்டியிலும் அதைப் போட முடியவில்லை. 2018 இல் அம்மா போனபோது கன்னியாவில் குருக்கள் முன்னோர் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா, அப்பப்பா, அம்மம்மா என்று சொல்லிக்கொண்டே வந்து தம்பியின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. இன்றும் சொல்வதில்லை. கோப்பை எங்கள் குசினியில் இருக்கிறது.

மற்ற வீடுகளையும் பாருங்கள். கார்த்திகை பிறக்க முன்னமே, நவம்பர் 2 இல், கத்தோலிக்கர்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றி, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக மன்றாடுவார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்கள் மையித்தைத் தாமதிக்காமல் அடக்கி, கபுரடியில் துஆச் செய்வார்கள், மறுமையில் விசாரணை உண்டு என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. சிங்கள பௌத்த வீடுகளில் ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதத் தானம். கிண்ணத்தில் தண்ணீர் வழிய வார்த்துப் புண்ணியத்தைப் போனவருக்குக் கொடுப்பார்கள், அழியாத ஆன்மா என்ற ஒன்றையே ஒப்புக்கொள்ளாத சமயம் அது. தத்துவத்தில் இந்த நான்கும் ஒத்துப்போகாது. எல்லாம் ஒன்றுதான் என்று மேடையில் பேசுவது எனக்குப் பிடிக்காத பேச்சு. ஆனால் ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

ஆகவே தம்பி, செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அத்தைக்குப் பயந்து வேண்டாம். பெரிய செலவும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். நம்பிக்கை வந்த பிறகு செய்வேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். சரியை என்று சொல்வது கோயில் முற்றம் கூட்டுவது, பூ எடுப்பது போன்ற கை வேலையைத்தான். தொடக்கத்தை மனதில் வைக்காமல் கையில் வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள். அப்பாவுக்குப் பிடித்த மரக்கறி இரண்டு உங்கள் கையாலேயே சமையுங்கள். வாழையிலை கிடைக்காவிட்டால் தட்டில் வையுங்கள். யன்னலோரம் ஒரு பிடி காகத்துக்கு, அங்கே என்ன குருவி வருகிறதோ அதற்கு. பிறகு யாராவது ஒருவரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுங்கள். மந்திரம் தெரியாவிட்டால் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள். மனம் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே இருக்கட்டும்.

நாள் விடயத்தில் கவனம். திவசம் ஆங்கிலத் திகதிக்கு அல்ல, அவர் இறந்த மாதத்தின் அதே பட்சம், அதே திதிக்கு வரும். அதனால் வருடா வருடம் திகதி மாறும். அது தவறிப்போனால் தகப்பனுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, புரட்டாதியில் மாளயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சிலவேளை ஒத்துவராது, உங்கள் வீட்டில் வழமையாக எதைப் பார்த்தார்கள் என்று அத்தையிடம் கேளுங்கள். கேட்டால் அவவுக்கும் சந்தோஷம். அப்பா இறந்த நாளையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள், திதி பார்த்துச் சொல்கிறேன். லண்டன் நேரமா இலங்கை நேரமா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.